நகரம் பெருத்தால் துப்பாக்கிச் சூடும் பெருகுமா? கணக்குப் பார்க்கும் இழை

பாம்பன்_தெற்குவாடி

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நம் ராமநாதபுரக் கரையில் எல்லா வீட்டிலும் சொல்லியனுப்பும் புத்திமதி ஒன்றுதான்: "சிகாகோ, நியூயார்க் பக்கம் வேண்டாம், சின்ன ஊராப் பாத்துச் சேரு." இது கணக்குக்கு நிற்குமா என்று பார்க்கத்தான் இந்த இழை. முதலில் நாலு நகரம். கொலை எண்ணிக்கை (எல்லா ஆயுதமும் சேர்த்து), மக்கள்தொகை, லட்சம் பேருக்கு எத்தனை என்ற வீதம்:

நியூயார்க், 2021: 488 / 88 லட்சம் = 5.5
சிகாகோ, 2021: சுமார் 800 / 27 லட்சம் = 30
செயின்ட் லூயிஸ், 2020: 263 / 3 லட்சம் = 87
ஜாக்சன் (மிசிசிப்பி), 2021: 150க்கு மேல் / 1.5 லட்சம் = 100ஐ ஒட்டி

ஆள் தொகை இறங்க இறங்க வீதம் ஏறுகிறது. அப்படியானால் புத்திமதியைத் தலைகீழாக்கி "பெரிய ஊராப் பாத்துச் சேரு" என்று சொல்லிவிடலாமா? கணக்கில் எங்கே இடறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா

தம்பி, நாலு நகரத்தைப் பொறுக்கி எடுத்தால் எந்தக் கோட்டையும் வரையலாம். செயின்ட் லூயிஸை எடுத்துவிட்டு, அதே 3 லட்சம் பேர் இருக்கும் கலிஃபோர்னியாவின் இர்வைனை அந்த இடத்தில் வையுங்கள். அங்கே வருஷத்துக்குக் கொலை ஒற்றை இலக்கம். ஒரே அளவு நகரம், வீதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்த ஒரு ஜோடி போதும்.

ஆனால் புத்திமதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. 1990இல் நியூயார்க்கில் ஒரே வருஷத்தில் 2,245 கொலை. அன்று மக்கள்தொகை 73 லட்சம், அதாவது லட்சத்துக்கு 31. லாஸ் ஏஞ்சலிஸில் 1992இல் 1,092; அதுவும் லட்சத்துக்கு 31. அந்தக் காலத்தில் "நகரம் பெரிசு, ஆபத்தும் பெரிசு" என்பது ஏறக்குறைய சரிதான். பிறகு இந்த ரெண்டு நகரமும் வெகுவாக இறங்கிவிட்டன. செய்தித்தாள் வழியே நம் ஊருக்கு வந்த பயம் மட்டும் இறங்கவில்லை.

2020களில் வீதப் பட்டியலின் மேல்பகுதியில் நிற்பவை பெரும்பாலும் நடுத்தர நகரங்கள்: செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ், பால்டிமோர், மெம்ஃபிஸ், பர்மிங்ஹாம். சுமார் 2 லட்சத்திலிருந்து 6 லட்சம் வரை ஆட்கள் உள்ள, தொழிற்சாலை போய் ஜனம் வெளியேறிய ஊர்கள். மெம்ஃபிஸில் 2023இல் சுமார் 400 கொலை, லட்சத்துக்கு 64 பக்கம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020இல் அமெரிக்கா முழுக்கக் கொலை ஒரே வருஷத்தில் 30 சதவீதத்தை ஒட்டி ஏறியது. எல்லோரும் பெருநகரங்களைக் கை காட்டினார்கள். எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) எண்களை ஊர் அளவுவாரியாகப் பிரித்தால், 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் 35 சதவீதத்துக்கு மேல்; 1 முதல் 2.5 லட்சம் வரையிலான நகரங்களில் 40க்கு மேல். 25 ஆயிரத்துக்குக் கீழே உள்ள சிற்றூர்களில்கூட சுமார் 25. அலை எல்லாக் கரையிலும் அடித்தது. எந்த மேயர், எந்தக் கட்சி என்று தேடியவர்கள் வீணாகத் தேடினார்கள்.

சாயல்குடி_பனங்காடு

செயின்ட் லூயிஸ் 87 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. அந்த எண்ணில் பொய் இல்லை, எல்லைக்கோட்டில் வில்லங்கம் இருக்கிறது.

1876இல் ஓட்டெடுப்பு நடத்தி அந்த நகரம் தன் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) பிரிந்துகொண்டது. அன்று போட்ட கோடு இன்று வரை நகரவில்லை. சுற்றுப்புறம் முழுக்கச் சேர்த்தால் 28 லட்சம் பேர் வாழும் பகுதி அது. "செயின்ட் லூயிஸ் நகரம்" என்று கணக்கில் வருவது நடுவில் இருக்கும் 3 லட்சம் மட்டும். வசதியான புறநகர் எல்லாம் கோட்டுக்கு வெளியே. வகுக்கும் எண் சுருங்கினால் வீதம் வீங்கத்தானே செய்யும்.

நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ராமநாதபுரம் நகராட்சி 2011 கணக்கில் 61 ஆயிரம் சொச்சம். ஒட்டியே இருக்கும் பட்டணம்காத்தானும் சக்கரக்கோட்டையும் அன்று ஊராட்சி, அந்த 61 ஆயிரத்தில் சேராது. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் கடைக்கும் சந்தைக்கும் வருவது நகராட்சிக்குள்தான், சண்டை நடப்பதும் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். சம்பவம் உள்ளே எண்ணப்படும், ஆள் வெளியே எண்ணப்படுவான்.

நகரத்துக்கு நகரம் ஒப்பிட வேண்டுமென்றால் ரெண்டு வழி. ஒன்று, எல்லாவற்றுக்கும் பெருநகரப் பகுதி முழுவதையும் எடுங்கள். இல்லை, எல்லாவற்றிலும் உள்நகரத்தை மட்டும் எடுங்கள். ஒன்றில் முழுப் பகுதி, இன்னொன்றில் உள்நகரம் என்று கலந்தால் அது ஒப்பீடே இல்லை.

ஏர்வாடி_டீச்சர்

சின்ன ஊரின் வீதத்தில் இன்னொரு குழி இருக்கிறது. எல்லைக்கோடு சரியாக இருந்தாலும் இதில் விழலாம்.

61 ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் ஒரு வருஷம் 3 கொலை என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 4.9, கிட்டத்தட்ட நியூயார்க். அடுத்த வருஷம் 1 கொலை, வீதம் 1.6. "குற்றம் 67 சதவீதம் வீழ்ச்சி" என்று தலைப்பு போடுவார்கள். அதற்கடுத்த வருஷம் ஒரே வீட்டுத் தகராறில் 4 பேர் செத்தால் "நான்கு மடங்கு உயர்வு". ஊரில் எதுவும் மாறியிருக்காது.

அரிதான சம்பவங்களை எண்ணும்போது கிடைத்த எண்ணைச் சுற்றி எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்பதற்குப் புவாசான் அட்டவணை இருக்கிறது. 95 சதவீத வரம்பு (நூற்றுக்கு 95 தடவை உண்மை நிலை இதற்குள் அடங்கும்):

0 எண்ணினால்: 0 முதல் 3.7 வரை
1 எண்ணினால்: 0.03 முதல் 5.6
3 எண்ணினால்: 0.6 முதல் 8.8
5 எண்ணினால்: 1.6 முதல் 11.7
10 எண்ணினால்: 4.8 முதல் 18.4

ஆக, நம் 3 கொலையின் உண்மையான நிலை லட்சத்துக்கு 1இலும் இருக்கலாம், 14இலும் இருக்கலாம். இதைவிட அகலமான வாசல் கிடையாது. சிகாகோவின் 800ஐ எடுங்கள். பெரிய எண் என்பதால் அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் போதும்: 57. அதாவது 743 முதல் 857 வரை, வீதம் 27.5 முதல் 31.7. அங்கே ஒரு வருஷ எண்ணை நம்பலாம். இங்கே முடியாது.

செய்ய வேண்டியது: சின்ன ஊருக்கு ஐந்து வருஷத்தைச் சேர்த்து எண்ணுங்கள், மக்கள்தொகையையும் ஐந்தால் பெருக்குங்கள். ஐந்து வருஷத்தில் 15 என்றால், 15 / 3.05 லட்சம் = 4.9. வீதம் அதேதான், ஆட்டம் மட்டும் 2.8இலிருந்து 8.1க்குள் அடங்கும். அதுவும் அகலம்தான், ஆனால் பேசலாம். இல்லையென்றால் ஒரே அளவுள்ள இருபது ஊர்களை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு வீதம் போடுங்கள். மேலே காக்கா காட்டிய எஃப்பிஐ பிரிவுகள் அந்த முறைதான்.

பாம்பன்_தெற்குவாடி

டீச்சர், ஐந்து வருஷமும் துப்பாக்கிக் கொலை 0 என்றால்? நம் பக்கத்துச் சிற்றூர் பலவற்றுக்கு அப்படித்தான் வரும். அட்டவணையில் "0" என்று போட்டுவிடலாமா?

ஏர்வாடி_டீச்சர்

போடலாம், பக்கத்தில் மேல்வரம்பையும் போட்டால். எதுவுமே நடக்காதபோது 3ஐ ஆள்-வருஷத்தால் (மக்கள்தொகையை வருஷங்களால் பெருக்கியது) வகுப்பது சுலபமான வழி; மேல்பக்க வரம்பை மட்டும் பார்ப்பதால் அட்டவணையின் 3.7க்குப் பதில் 3. 3 / 3.05 லட்சம், ஏறக்குறைய லட்சத்துக்கு 1. "பூஜ்யம்" என்று எழுதாமல் "1க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை" என்று எழுதுங்கள். மண்டபம் மாதிரி இன்னும் சின்ன ஊருக்கு அந்த மேல்வரம்பு 1ஐத் தாண்டிப் போகும். ஆள் குறைந்தால் பூஜ்யத்துக்கும் மதிப்புக் குறைவு.

தொண்டி_வடகரை

எதை எண்ணுகிறோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை. மேலே எல்லோரும் கொலையை எண்ணிவிட்டுத் துப்பாக்கி என்று பேசுகிறீர்கள். அமெரிக்காவில் 2021இல் கொலைகளில் பத்துக்கு எட்டு துப்பாக்கியால், அதனால் பெரிதாகத் தப்பில்லை. ஆனால் எதிர்த்திசையில் ஒரு பெரிய ஓட்டை விடுபட்டுப்போகிறது.

2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830. அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. பாதிக்கு மேல் தற்கொலை! 2023இல் மொத்தம் 46,728. கொலை 17,927ஆக இறங்கியது, தற்கொலை சுமார் 27,300ஆக ஏறியது. கொலை இறங்கும்போது இது இறங்கவில்லை.

இதன் வரைபடம் கொலை வரைபடத்துக்கு நேரெதிர். தற்கொலை வீதம் கிராமப்புறக் கவுண்டிகளில், மொன்டானா, வயோமிங் மாதிரி ஆளில்லாத மாநிலங்களில் உச்சம். நியூயார்க் மாநகரில் மிகக் குறைவு. "துப்பாக்கிச் சாவு" என்று ரெண்டையும் கூட்டி ஒரே எண் போட்டால் சிற்றூரும் பெருநகரும் சமமாகத் தெரியும், சில இடத்தில் சிற்றூர் மேலேயே போகும். பிரித்துப் போட்டால்தான் படம் விளங்கும்.

இறப்புச் சான்றிதழ் தரவை இறக்கும்போது குறியீட்டை வைத்துப் பிரிக்கலாம். ஐசிடி-10இல் (நோய், இறப்புக் காரணங்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியல்) பிறர் சுட்டது எக்ஸ்93 முதல் எக்ஸ்95, தானே சுட்டுக்கொண்டது எக்ஸ்72 முதல் எக்ஸ்74, தவறி வெடித்தது டபிள்யூ32 முதல் டபிள்யூ34, எது என்று தெரியாதது ஒய்22 முதல் ஒய்24, போலீஸ் சுட்டது ஒய்35.0. அஞ்சையும் அஞ்சு நெடுவரிசையாக வையுங்கள். கூட்டுத்தொகை வேண்டுமென்றால் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம், முதலிலேயே கூட்டிவிட்டால் பிரிக்க முடியாது.

எஃப்பிஐ தரவை எடுப்பவர்கள் 2021ஐத் தாண்டும்போது நிதானமாகப் போங்கள். அந்த வருஷம் பழைய முறையை நிறுத்திப் புதுப் பதிவுமுறைக்கு மாறினார்கள். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் தரவே அனுப்பவில்லை. அந்த வருஷத்துப் பெருநகர எண்ணை எடுத்து 2020ஓடு கழித்தால் வருவது குற்றத்தின் வீழ்ச்சி அல்ல, வராத காகிதத்தின் வீழ்ச்சி.

தேவிபட்டினம்_நவபாஷாணம்

அமெரிக்காவுக்குப் போய்விட்டீர்கள், நம் கரைக்கு வருவோம். இதே அளவுவாரிப் பட்டியலை இந்தியாவுக்குப் போட முடியுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் "ஆயுதச் சட்ட வழக்குகள்" என்று வருஷா வருஷம் போடுகிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே.

சாயல்குடி_பனங்காடு

அந்த நெடுவரிசையைத் தொட்டீர்களோ கெட்டீர்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டும் ஆனதல்ல. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட ஆயுதமும் அதன் விதிகளில் ஒரு வகை. வீட்டுக்கும் வயலுக்கும் உள்ள கருவிக்கு விலக்கு. ஆனால் வாளோடு பிடிபட்டவன் மேலும் இதே சட்டம்தான் பாயும். ஆக, ஒரு மாவட்டத்தில் 200 ஆயுதச் சட்ட வழக்கு என்றால் அதில் எத்தனை குழல், எத்தனை அலகு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க வழியில்லை. அதோடு, அது போலீஸ் எவ்வளவு சோதனை போட்டது என்பதன் அளவு. தேர்தல் வருஷத்தில் ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ரெண்டாவது சிக்கல் ஊர் அளவு. 2015 வரை அந்தக் காப்பகம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட 53 நகரங்களுக்குத் தனி அட்டவணை போட்டது. சென்னை, கோவையோடு மதுரையும் திருச்சியும் அதில் உண்டு. 2016இலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட 19 நகரம் மட்டும். மதுரையும் திருச்சியும் காணாமல் போயின. அந்த நகர அட்டவணையில் ராமநாதபுரமோ பரமக்குடியோ ஒருநாளும் இருந்ததில்லை. நமக்குக் கிடைப்பது மாவட்ட எண்தான், 13.5 லட்சம் பேர் மொத்தமாக.

ஊர்வாரியாக வேண்டுமென்றால் காவல் நிலையம் நிலையமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது பிரிவு எண்ணை ரெண்டு விதமாகவும் எழுதுங்கள்: 2024 ஜூன் 30 வரை நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302 (கொலை), 307 (கொலை முயற்சி), ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா 103, 109. பழைய எண்ணை மட்டும் எழுதினால் பதிலில் 2024இன் பின்பாதி காலியாக வந்து, ஊர் திடீரென்று அமைதியானதாகத் தெரியும். "இவற்றில் துப்பாக்கி பயன்பட்டவை எத்தனை" என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

கீழக்கரை_காக்கா

இந்தக் கரைக்கு இன்னொரு நெடுவரிசை தேவை. இங்கே துப்பாக்கி வெடித்துப் பெரிய செய்தியானவை பெரும்பாலும் தனியாள் தனியாளைச் சுட்டவை அல்ல. 2011 செப்டம்பர் 11 பரமக்குடி போலீஸ் துப்பாக்கிச் சூடு. 7 பேர் இறந்தார்கள். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் நடுக்கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முதலாவது ஒரு நகரத்தின் தெருவில் நடந்தது, ஆனால் தொண்டிக்காரர் சொன்ன ஒய்35 வகை. இரண்டாவது எந்த ஊரின் எல்லைக்குள்ளும் நடக்கவில்லை. அதை ராமேஸ்வரத்தின் 45 ஆயிரம் பேரால் வகுத்து வீதம் போட்டால் அபத்தம். விட்டுவிட்டால் அதைவிட அபத்தம். "கடல்" என்று தனி வரி போட்டு, வீதம் போடாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

ராமேஸ்வரத்துக்கு வகுக்கும் எண்ணே தகராறுதான். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கிற கூட்டத்தில் உள்ளூர் ஆள் எத்தனை பேர்? லாஸ் வேகஸுக்கும் இதே நோய். 2017 அக்டோபர் 1 இசை நிகழ்ச்சிச் சூட்டில் இறந்தவர்கள் பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 60, பெரும்பாலோர் வெளியூர். உள்ளூர்த் தொகையால் வகுத்த அந்த வருஷ வீதம் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தேவிபட்டினம்_நவபாஷாணம்

அப்படியானால் நம் பக்கம் துப்பாக்கி இல்லை, அதனால் கொலை குறைவு என்று எழுதலாம்.

தொண்டி_வடகரை

எழுதாதீர்கள். 2022இல் இந்தியாவில் கொலை வழக்கு 28,522, லட்சத்துக்கு 2.1. தமிழ்நாட்டில் 1,690, லட்சத்துக்கு 2.2. நாட்டுக் கட்டா (கள்ளத்தனமாகச் செய்த கைத்துப்பாக்கி) புழங்கும் உத்தரப் பிரதேசம், பீகார் எல்லாம் சேர்ந்த சராசரிக்கும் அரிவாள் புழங்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. கொலைக்கான கோபத்தை ஆயுதம் உண்டாக்குவதில்லை.

ஆயுதம் மாற்றுவது வேறொன்றை: ஒரு சண்டையில் எத்தனை பேர் விழுவார்கள், தூர நின்று அடிக்க முடியுமா, வழியில் போகிறவனுக்கும் படுமா. அரிவாளுக்கு எட்டுகிற தூரம் ஒரு கை. அதனால்தான் அமெரிக்காவில் இறந்தவர்களை மட்டும் எண்ணாமல், குண்டு பட்டவர் எல்லோரையும் எண்ணுகிறார்கள். நாலு பேருக்கோ அதற்கு மேலோ குண்டு பட்டால் "பெருஞ்சூடு" என்று ஒரு கணக்கு. இறந்தார்களா என்பதே அதில் கேள்வி இல்லை. வேறு கணக்குகள் நாலு பேர் இறந்தால்தான் சேர்க்கும். ரெண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டி "பல மடங்கு ஏறிவிட்டது" என்று போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஏர்வாடி_டீச்சர்

அதற்கு ஊர் அளவோடு ஒரு தொடர்பும் உண்டு. வயிற்றில் குண்டு பட்டவர் பிழைப்பது பெரும்பாலும் ரத்தம் எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பொறுத்தது. பெருநகரில் விபத்து அறுவைப் பிரிவு பத்து நிமிஷத்தில். ஒதுக்குப்புற ஊரில் அது ஒரு மணி நேரம், அதற்கும் மேல். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனை சுமார் 170 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே காயம் ஒரு ஊரில் "கொலை முயற்சி", இன்னொரு ஊரில் "கொலை". கொலையை மட்டும் எண்ணினால் சின்ன ஊரின் வன்முறையை அளக்கிறோமா, ஆம்புலன்ஸ் ஓடும் தூரத்தை அளக்கிறோமா என்று தெரியாது. 302ஐயும் 307ஐயும் கூட்டிப் பார்ப்பது அதற்குத்தான்.

சாயல்குடி_பனங்காடு

வருஷத்துக்கு வருஷம் போக்கு எப்படி என்பதற்கும் ஒரு வரி. அண்மை வருஷங்களில் அங்கே கொலை இறங்குமுகம்: எஃப்பிஐ கணக்கில் 2023இல் 11.6, 2024இல் 14.9 சதவீத இறக்கம். பால்டிமோர் 2022இல் 330ஐத் தாண்டி இருந்தது, 2024இல் 201. ஃபிலடெல்ஃபியா 2021இல் 562, 2024இல் 269. ஆனால் அதே 2024இல் 2 லட்சத்தைத் தொடாத பர்மிங்ஹாமில் 151. அந்த ஊர் வரலாற்றிலேயே உச்சம். தேசப் போக்கு இறங்குகிறது என்பதால் ஒவ்வொரு ஊரும் இறங்கும் என்றில்லை.

பாம்பன்_தெற்குவாடி

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? வீட்டில் புவாசான் அட்டவணையை நீட்ட முடியாதே.

கீழக்கரை_காக்கா

நகர வீதத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த நகரத்திலும் சூடு தெரு தெருவாகக் குவிந்துதான் நடக்கிறது. பாஸ்டனில் 1980 முதல் 2008 வரை நடந்தவற்றில் நான்கில் மூன்று பங்கு, 5 சதவீதம்கூட இல்லாத தெருத் துண்டுகளில் நடந்தது. ஆகவே கேட்க வேண்டியது ஊர் பெயரை அல்ல, குடியிருக்கப் போகும் தெருவை.

அங்கே கல்லூரிகள் கிளெரி சட்டப்படி வருஷத்துக்கு ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும்; அக்டோபர் 1 கெடு, மூன்று வருஷ எண் இருக்கும். அதை எடுங்கள். ஆனால் அதில் வருவது வளாகமும் கல்லூரியின் கட்டடங்களும் ஒட்டிய பொதுத் தெருவும்தான். நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் அபார்ட்மெண்ட் ரெண்டு மைல் தள்ளி இருக்கும், அது அந்த அறிக்கையில் வராது. அதற்கு அந்த நகரப் போலீஸின் வரைபடத்தில் முகவரியைப் போட்டு, அரை மைல் சுற்றளவில் மூன்று வருஷச் சூட்டுச் சம்பவத்தைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் பாதையையும் அதே வரைபடத்தில் தொடருங்கள்.

பாம்பன்_தெற்குவாடி

அட்டவணையைத் திருத்திவிட்டேன். நெடுவரிசைகள்: ஊர், எல்லை வகை (உள்நகரம் / முழுப் பகுதி), எத்தனை வருஷம், ஆள்-வருஷம், பிறர் சுட்டது, தானே சுட்டுக்கொண்டது, தவறி வெடித்தது, தெரியாதது, போலீஸ், குண்டு பட்டுப் பிழைத்தவர், வீதம், கீழ்வரம்பு, மேல்வரம்பு. "கடல்" தனி வரி. செயின்ட் லூயிஸ் பக்கத்தில் உடுக்குறி போட்டு 1876ஐக் குறித்திருக்கிறேன். ராமநாதபுரம் ஆள்-வருஷத்துக்கு 61 ஆயிரத்தை ஐந்தால் பெருக்கினேன்.

ஏர்வாடி_டீச்சர்

அந்த 61 ஆயிரம் 2011 கணக்கு. நீங்கள் எண்ணுவது 2019 முதல் 2023 வரை. அடுத்த கணக்கெடுப்பு எண் வரும்வரை அதே எண்ணை வைத்தால் வீதம் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். மாவட்ட வளர்ச்சி வேகத்தை வைத்து 2021க்கு நீட்டிப் போடுங்கள், நீட்டியது என்று அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். போலீஸ் நெடுவரிசையை வீதத்தில் சேர்த்தீர்களா, விட்டீர்களா? தலைப்பில் சொல்லவில்லை.

பாம்பன்_தெற்குவாடி

சேர்த்திருந்தேன். எடுத்துவிடுகிறேன்.